தோட்டத்து எல்லையில் நின்றுபோன அரசு

வளர்ந்தோர் கல்விக்கென்று எழுதப்படும் குடியியல் நூல்கள் பெரும்பாலும் மேலே தொடங்கிக் கீழே இறங்குகின்றன. அரசியலமைப்பு, சனாதிபதி, பாராளுமன்றம், நீதிமன்றம் என்று வந்து, மாகாண சபையைத் தொட்டு, பக்கங்கள் தீரும் நேரத்தில் பிரதேச சபைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பத்தியை ஒதுக்குகின்றன. வரலாறு தனி நூல். அனுராதபுரமும் பொலன்னறுவையும் கண்டி இராச்சியமும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். புவியியல் இன்னொரு நூல். ஆறுகளின் நீளம், மலைகளின் உயரம், மழைவீழ்ச்சி. நாட்டின் பல பகுதிகளில் இந்த ஒழுங்கால் பெரிய தீங்கில்லை. விதானையார் வீடு எது, சபைக்கூட்டம் எப்போது, காணி உறுதி யாரிடம் எழுதுவது என்பதெல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைத் தோட்டங்களில் நிலைமை வேறு. எந்தக் கட்சி யாரோடு கூட்டு, சம்பளப் பேச்சு எங்கே முறிந்தது, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் தாவினார் என்பது இங்கே பெரட்டுக்களத்திலேயே அலசப்படும். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தோட்டத் தலைவர் என்ற அடிவரிசையும் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய படிகள்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இல்லாமல் இருந்தன. அவை மறதியால் விடுபடவில்லை, சட்டம் போட்டே விடப்பட்டன. ஆகவே மலையகத்தில் வளர்ந்தோருக்குக் குடியியல் கற்பிக்க முனைகிறவர்கள் அந்த இடைவெளியில்தான் தொடங்க வேண்டும். அது எப்படி உண்டானது என்பது வரலாறு. எந்த எல்லைக்கோட்டில் உண்டானது என்பது புவியியல். இங்கே மூன்று பாடமும் ஒரே பாடம்.

இடைவெளியின் தொடக்கம் நிலத்தில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைக்கு ஆதாரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. கண்டிச் சீமையின் கிராமத்தார் தலைமுறைகளாக மாடு மேய்த்த, சேனை வெட்டிய மலைச்சரிவுகள் அப்படியே கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு விற்பனையாயின. கிராமம் பள்ளத்தில் வயலோடு தங்கியது. தோட்டம் மேலே ஏறியது. தோட்டத்துக்கு ஆள், தென்னிந்தியாவின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் திரட்டும் கங்காணிகள் வழியாக வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். கோப்பிக் காலத்தில் அவர்களில் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து திரும்பிப்போகும் கூட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்ததும் இந்தக் கணக்கை மாற்றின. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்விடும் பயிர். வாரந்தவறாமல் கொழுந்து எடுக்க வேண்டும். எடுத்த கொழுந்தை அன்றே ஆலையில் போட வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும்; கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும்; குடும்பம் குடும்பமாக இருக்க லயம் என்ற வரிசை வீடுகள் வேண்டும். 1884இல் ரயில் அட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தபோது, வந்துபோகும் கூட்டம் நிலையாகக் குடியிருக்கும் மக்களாக மாறத் தொடங்கியிருந்தது. சட்டம் மட்டும் அவர்களை நெடுங்காலம் வந்துபோகிறவர்களாகவே பார்த்தது. பிற்காலத்துப் பிரசாவுரிமைச் சண்டை முழுவதும் இந்த முரணிலிருந்து கிளைத்ததுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பாதிப்பு கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு. அவருடைய நிலநெருக்கடி கற்பனையல்ல. 1951இல் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அதை விரிவாகவே பதிவு செய்தது. மேய்ச்சல் நிலத்தை எடுத்தது அரசும் கம்பெனியும். ஆனால் கிராமத்தார் கண்ணுக்குத் தெரிந்தது மேலே லயத்தில் இருந்த தமிழர்தான். தோட்டத்து வரலாற்றைக் கற்பித்தால் பக்கத்து ஊரோடு பகைமை வளரும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி வரலாற்றைக் கற்பித்தால் அந்த அச்சம் நியாயம்தான். ஒரே சட்டம் ஒருவரிடமிருந்து நிலத்தை எடுத்து, மற்றவரை அந்த நிலத்தில் உரிமையில்லாமல் குடியேற்றியது என்று முழுவதையும் சொல்லும்போது பகைக்கு அதில் தீனி குறைவு.

தோட்டத்துக்குள் அரசு எப்படி இருந்தது என்பதைக் காகிதங்களைக் கொண்டே சொல்லிவிடலாம். முதலாவது துண்டு. தோட்டம் மாற நினைக்கும் தொழிலாளி தன் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதிய துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கங்காணியின் கணக்கில் கட்டி ஆளை எடுக்கும். ஆளின் நடமாட்டத்தைத் தீர்மானித்தது நாட்டின் எந்த அலுவலகமும் அல்ல, தோட்டத்துக் கந்தோரும் பெரிய கங்காணியின் கணக்குப் புத்தகமும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் துண்டு முறையையும், வேலையை விட்டுப் போனால் சிறை என்ற தண்டனையையும் ஒழித்தது. கல்வியும் அதே வழியில் வந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. 1920இல் அந்தப் பொறுப்பு இறுக்கப்பட்டது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒற்றை அறை, ஒற்றை வாத்தியார், எழுத்தும் கணக்கும். 1945இல் நாடு இலவசக் கல்வியைத் தழுவியபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அவை அரசுப் பாடசாலைகளாகத் தொடங்கின. வருகை, வேலை, நடமாட்டம், பள்ளி, மருத்துவம் என்று நாட்டின் பிறரிடம் அரசு நேரடியாகச் செய்தவற்றை எல்லாம் இங்கே துரைமார் செய்தார்கள். அரசின் பெயரால்கூட அல்ல, தங்கள் பெயரால்.

இந்தச் சூழலில் வளர்ந்தோருக்குக் குடியியல் கற்பித்த முதல் ஆசிரியர் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடம் நடத்தியவர்களை விட்டுவிட்டு கோ. நடேசய்யரைத்தான் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்தவர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரியாக லயத்துக்குள் போய்ப் பார்த்தவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார். 1920களின் நடுவிலிருந்து சட்டநிரூபண சபையில் இருந்தார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிலாளருக்கான சட்டங்கள் எவை, 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் என்ன சொல்கிறது, கங்காணியின் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை எளிய தமிழில் சிறு நூல்களாகவும் துண்டுப் பிரசுரங்களாகவும் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்களிடம் அச்சுப் பிரதியால் என்ன பயன் என்ற கேள்விக்கு அவர் மனைவி மீனாட்சியம்மாள் பதிலாக இருந்தார். உரிமைகளையும் அரசியல் நிலைமையையும் பாட்டாகக் கட்டி, மேடையில் பாடி, 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று நூலாகவும் வெளியிட்டார். பெண்ணொருத்தி மேடையேறுவதே அரிதாக இருந்த நாளில், கொழுந்தெடுக்கும் பெண்கள் காதால் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய வடிவத்தில் நாட்டின் சட்டத்தைக் கொண்டுபோனது சாதாரண வேலையல்ல. வளர்ந்தோர் கல்வி என்ற துறை பிற்காலத்தில் வகுத்துக்கொண்ட முறைகளில் பலவற்றை இவர்கள் அதற்கு முன்பே செய்துவிட்டார்கள் என்பது என் மதிப்பீடு. கற்கிறவரின் உடனடித் தேவையில் தொடங்கினார்கள். தெரிந்த மெட்டில் சொன்னார்கள். கேட்டவர் அடுத்த நாள் செய்து பார்க்கக்கூடியதைச் சொன்னார்கள்.

அப்படியும் அந்தக் கல்வியை இடைத்தரகர்களே நடத்தினார்கள் என்று ஒரு குறை சொல்லலாம். படிவத்தைத் தொழிலாளி நிரப்பவில்லை, தலைவர் நிரப்பினார். சட்டத்தைத் தொழிலாளி வாசிக்கவில்லை, தொழிற்சங்கக் காரியாலயம் வாசித்துச் சொன்னது. கங்காணியின் இடத்தில் சங்கத் தலைவர் வந்து உட்கார்ந்தார் என்பார்கள். இதில் உண்மை நிறைய. இன்றும் பல தோட்டங்களில் அரச அலுவலகக் காரியம் எதற்கும் ‘தலைவர்’ வழியாகப் போவதே வழக்கம். ஆனால் இதை மக்களின் இயல்பு என்று கொள்வது தவறு. அரசின் கீழ்ப்படிகள் தோட்டத்துக்குள் வராதபோது அந்த இடத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள். தரகர் நிலைத்துவிட்டார் என்றால், அவர் தரகு செய்யும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று இன்னும் யாரும் கற்பிக்கவில்லை என்று பொருள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு, வயதுவந்த ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. ஆசியாவில் அது முதன்மையான முயற்சிகளில் ஒன்று என்று பாடநூல்கள் பெருமையோடு சொல்லும். அதே பக்கத்தில் சொல்லாமல் விடுவது, அந்த ‘எல்லோருக்கும்’ தோட்டத்து வாசலில் வந்ததும் கிளைபிரிந்த கதையை. இந்தியத் தொழிலாளி வாக்காளராக, இலங்கையே தன் வாசத்தானம் என்று நிறுவ வேண்டும். இல்லையென்றால் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் பெறுகிறவர், மற்றக் குடிமக்களுக்கு இல்லாத தனிச் சட்டப் பாதுகாப்பு எதையும் கோருவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் உட்படத் தொழிலாளியைக் காத்தவையோ இந்தியத் தொழிலாளர் என்ற பெயரில் வந்த தனிச் சட்டங்கள். வாக்கா, சம்பளப் பாதுகாப்பா என்ற கேள்வியை ஒரு படிவத்தின் அடியில் வைத்துவிட்டு, சான்றிதழ் பெறுவோர் குறைவாக இருப்பதைக் காட்டி இவர்களுக்கு இந்த நாட்டில் பற்றில்லை என்று பேசியவர்கள் அன்று பலர். இத்தனைக்கும் நடுவிலும் பெரி. சுந்தரம் அட்டனிலிருந்தும், எஸ். பி. வைத்திலிங்கம் தலவாக்கலையிலிருந்தும் அரசாங்க சபைக்குப் போனார்கள். பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சருமானார். 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யருக்குக் கிடைத்தது.

மேல்மட்டத்தில் வாசல் இப்படிப் பாதி திறந்தபோது கீழே ஒரு வாசல் சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. 1937–38இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தும்போது, தோட்டத்தில் குடியிருக்கும் இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபையில் வாக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மலையக வரலாற்றை எழுதுகிறவர்கள் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தில் நிறைய நேரம் நிற்கிறார்கள். இந்தத் திருத்தத்தை ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை இதுவும் அதற்கு இளைத்ததல்ல. பாராளுமன்ற வாக்கு 1977க்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. கிராமச் சபைத் திருத்தத்தின் பின்னால் இருந்த எண்ணம், அதாவது தோட்டம் ஊருக்குள் சேராது என்பது, எண்பது ஆண்டுகள் பிழைத்துக் கிடந்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அளுத்நுவரவில் இராமானுஜம். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டில் பிறந்தால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறந்ததற்குப் பத்திரம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்கு எந்தப் பதிவாளர் பத்திரம் எழுதினார்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்கள் வெட்டப்பட்டன. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து ஒரு தமிழ் உறுப்பினர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை.

என் வாதத்துக்கு எதிரான மிகக் கடினமான கேள்வி இங்கேதான் எழுகிறது. குடியியல் அறிவு இவர்களுக்கு என்ன பயன் தந்தது? வாக்கின் பெறுமதியை 1947இல் இவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அறிந்து பயன்படுத்தியதால்தான் அது பறிக்கப்பட்டது. அறியாத மக்களாய் இருந்திருந்தால் ஒருவேளை விட்டுவைத்திருப்பார்கள். இதை மறுக்க வழியில்லை. சட்டமியற்றும் பெரும்பான்மை ஒன்று ஒரு மக்கள் கூட்டத்தை விலக்கத் தீர்மானித்துவிட்டால், அந்தக் கூட்டம் அரசியலமைப்பை மனப்பாடம் செய்திருந்தாலும் தடுக்க முடியாது. ஆனால் 1948 கதையின் முடிவல்ல. அதன்பின் வந்த அரை நூற்றாண்டுக் கதையில் அறிவுக்கு வேலை இருந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பதிவு செய்து பிரசையாக ஒரு வழி வைத்தது. மணமானவர் 1939 தொடக்கத்திலிருந்தும், மணமாகாதவர் 1936 தொடக்கத்திலிருந்தும் இடையறாமல் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு, கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. காங்கிரஸ் முதலில் அதைப் பகிஷ்கரித்தது, பிறகு நிலையை மாற்றியது. இடையில் போன மாதங்கள் திரும்பவில்லை. கடைசியில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கி ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இந்தியாவுக்கு ஒருமுறை போய் ஓராண்டுக்கு மேல் தங்கியது, தோட்டத்துப் பெயர்ப்பதிவில் ஒரு எழுத்து, விண்ணப்பத்தில் வேறொரு எழுத்து என்று நிராகரிக்கக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திய குடும்பத்துக்கும் அடுப்பில் போட்ட குடும்பத்துக்கும் இடையே வேறுபாடு உண்டாக அது போதுமாக இருந்தது. அரசியல் அநீதியை அறிவு தடுக்கவில்லை. அந்த அநீதிக்குள் ஒவ்வொரு குடும்பமும் எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் அறிவுக்குப் பங்கு இருந்தது.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது இந்தக் கணக்கு இன்னும் பெரிதானது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கொண்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை தரும் என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் எவரையும் யாரும் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு படிவங்களில் எதை நிரப்புவது என்ற பேச்சு. இந்தியாவைத் தேர்ந்தவர் எந்த மாவட்டத்துக்குப் போவார், அங்கே என்ன வேலை, சேமலாபநிதி எப்போது கிடைக்கும், தலைமன்னார்க் கப்பல் எந்தக் கிழமை? இவை முழுக்கப் புவியியல் கேள்விகள், விடை தெரியாமலே பலர் கையெழுத்திட்ட கேள்விகள். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்தது. மலையிலிருந்து மலைக்குப் போனவர்களுக்கு அது ஓரளவு பழகிய வேலை. சமவெளியில் குடியேறியவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் மிச்சக் கணக்கைத் தீர்த்தன. இவற்றில் 2003ஐக் கவனிக்க வேண்டும். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவரும் அவர் வழிவந்தவரும் தாமே பிரகடனம் செய்தால் போதும் என்று ஆக்கியதும், அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்தின் துணையோடு, தோட்டப் பகுதிகளில் தொண்டர்கள் மேசை போட்டு உட்கார்ந்ததும், பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றார்கள். 1949இல் இரண்டு ஆண்டு அவகாசத்தில் மலைபோல் தெரிந்த காரியம் அது. இந்த மக்களுக்குச் சட்டம் விளங்காது, படிவம் விளங்காது என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை. விளங்கும் வடிவில் வைத்தால் விளங்குகிறது.

பிரசாவுரிமைச் சிக்கல் தீர்ந்ததும் நடுப்படி மட்டும் மிஞ்சியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது தோட்டத்து மக்களும் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள், தவிசாளர்களையும் உண்டாக்கினார்கள். ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட வழி விடவில்லை. லயத்து வாக்கில் வந்த தவிசாளர் லயத்து வாய்க்காலுக்குச் சீமெந்து போட முடியவில்லை. தேயிலைச் செடி தொடங்குமிடத்தில் சபையின் தெருவும் தெருவிளக்கும் நின்றுவிட்டன. கடிதம்கூட வீட்டுக்கு வருவதில்லை, தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கிருந்து பிரிக்கப்படும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போனபின் குழப்பம் கூடியது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, வாக்கு பிரதேச சபையில், பாதை யாருடையது என்று கேட்டால் ஒருவரும் தம்முடையது என்று சொல்லமாட்டார். 2018ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 33ஆம் பிரிவின் தடையை நீக்கியது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெருஞ்சபைகள், அக்கரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக விரிந்தன. இலட்சக்கணக்கானோருக்கு ஒரு சபை என்றிருந்த நிலை சற்றே இளகியது.

புவியியல் பாடத்தை ஏன் இதோடு சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். அட்டன் நகரையே எடுத்துக்கொள்வோம். அது இரண்டு பேராறுகளுக்கு நடுவில் உள்ள நீர்ப்பிரி மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. டிக்கோயாப் பக்கம் விழும் மழை கெஹெல்கமு ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கம் போய், களனியாகிக் கொழும்பில் கடல் சேரும். மறுபக்கம் விழுவது மகாவலியோடு போய்த் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, லக்சபான, மேல் கொத்மலை என்று நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு இந்த மலைகளின் தண்ணீரிலிருந்து வருகிறது. மவுஸ்ஸாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. அந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் மிகத் தாமதமாகத்தான் வந்தது. மழைவீழ்ச்சி மில்லிமீற்றரைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அதில் உண்டாகும் மின்சாரத்துக்கு யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்கினால், ஆற்றின் பெயரும் அமைச்சின் பெயரும் ஒன்றாகவே நினைவில் நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று எப்போது வரும், பனி எந்த மாதம் கொழுந்தைக் கருக்கும் என்பதை மலையில் வேலை செய்கிறவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் வகுப்புக்கு வரும்போது பாதிப் புவியியலைக் கொண்டுதான் வருகிறார்.

எஞ்சியிருப்பது ஒரு நல்லெண்ண ஆட்சேபம். மலையகத்துக்கென்று தனிப் பாடம் வைத்தால் மறுபடியும் அவர்களைத் தனிமைப்படுத்தியதாகாதா? எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே பாடம் என்பதுதானே சமத்துவம்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே பாடம் என்று நாம் கையில் வைத்திருப்பது, கிராமத்துக் கீழ்ப்படிகள் எல்லோருக்கும் உண்டு என்று நம்பிக்கொண்டு எழுதப்பட்ட பாடம். அது ஏற்கெனவே ஒரு பகுதி மக்களின் அனுபவத்துக்கு மட்டும் பொருந்துகிற தனிப்பாடம்தான். தோட்டத்து வரலாறு நுவரெலியாவில் மட்டும் கற்பிக்கப்பட வேண்டியதும் அல்ல. மாத்தறையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற வளர்ந்தோர் வகுப்பில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 33ஆம் பிரிவையும் கற்பித்தால், குடியுரிமை என்பது பிறப்போடு இலவசமாக ஒட்டி வருவதில்லை என்பது அவர்களுக்கும் விளங்கும். மலையகத்திலோ வகுப்பு அதோடு நிற்க முடியாது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் ஐந்திலிருந்து பத்தாக்கப்பட்டதும், சபைகள் ஆறானதும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்தவை. பலருடைய வழக்கம் இன்னும் பழைய வரைபடத்திலேயே போகிறது. அடையாள அட்டைக்கும் முதியோர் கொடுப்பனவுக்கும் காணி விண்ணப்பத்துக்கும் முதலில் தோட்டக் கந்தோர்ப் படியேறுகிறார்கள். ஆகவே நோர்வூட்டிலோ அக்கரபத்தனையிலோ ஒரு வகுப்பு தொடங்குமானால் முதல் நாள் கரும்பலகையில் எழுத வேண்டியவை மூன்று கேள்விகள். நம் லயம் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கிறது, நம் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினர் யார், லயத்துக்கு வரும் பாதை சபையின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா. முதல் இரண்டுக்கும் வகுப்பிலேயே யாராவது விடை சொல்லக்கூடும். மூன்றாவதற்கு எல்லோரும் சேர்ந்து சபைக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். இரண்டாம் நாள் பாடம் அந்தக் கடிதம்.